பம்பையின் அடியொலியும் சப்வூஃபர் இணைப்பும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சிச் சீமையில் அம்மன் கோயில்களிற் பம்பை முழங்கத் தொடங்கும். அதனை அண்மையில் நின்று கேட்டவர் செவியால் மாத்திரம் கேட்டவரல்லர், மார்பாலும் கேட்டவராவர். அம்முழக்கத்தையே நல்ல கருவிகொண்டு பதிவுசெய்து, விடுதியறையிலுள்ள இரண்டு சிறு ஒலிப்பெட்டிகளின் வழியே ஒலிக்கச் செய்தால், குச்சி தோலின்மேல் விழும் ஓசை தெளிவாகவே கேட்கும். மார்பைத் தாக்கிய பகுதியோ எங்கோ ஒளிந்துகொள்ளும். அப்பகுதியை ஈண்டு அடியொலி என்று வழங்குவோம். ஒலியமைப்புத் தொழிலினர் 'பேஸ்' என்பர். தமக்கென மின்பெருக்கியில்லாத பாசிவ் ஒலிப்பெட்டிகளைக் கொண்ட ஓர் அமைப்போடு, அடியொலிக்கென்றே செய்யப்பட்ட பவர்டு சப்வூஃபரை இணைப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அங்ஙனம் எண்ணவில்லை. கல்வராயன் மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். பெயரொற்றுமை கொண்டு அவரைக் கேரளநாட்டார் என்று கருதிவிடலாகாது. அவர் பேசுவது தமிழே. அம்மலையூர் ஒன்றில் மாணவர் சிலர் முதியோரின் பாட்டையும் கொட்டையும் பதிவுசெய்து, அன்று மாலையே பள்ளிக்கூடத்தில் அவர்க்கே போட்டுக் காட்டினர். நாமும் உடனிருந்தோம். கொட்டடித்த பெரியவர் சற்று நேரம் செவிசாய்த்திருந்து, "பாட்டு எங்களுதுதான் தம்பி, மேளம் எங்களுது இல்லையே. தகரத்தைத் தட்டுனாப்பல இருக்குது" என்றார். ஒருவர் தம் கைத்தொழிலைத் தாமே அடையாளங் காணமாட்டாதபடி செய்துவிடும் பதிவு எத்துணைப் பயனுடையது?

பிழைப்புப் பற்றிய செய்தியும் இதில் அடங்கியுள்ளது. அடிவாரத்து ஊர்களில் ஒலியமைப்பை வாடகைக்கு விட்டு வாழ்வோருள் ஒருவர், புதிதாய் வாங்கிய சப்வூஃபரைத் தம் பழைய ஆம்ப்ளிஃபயரோடு தகாத வழியில் இணைத்து, சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின நாள் இரண்டையும் ஒருங்கே கருகச் செய்துகொண்டார். ஒரு பருவத்து வருவாய் ஒரு நொடியிற் போயிற்று. அவர்க்கு அறிவில்லாமலன்று, சொல்வார் இல்லாமையால் நேர்ந்தது அது.

சிறு பெட்டி அடியொலியைத் தரமாட்டாமைக்குக் காரணம் யாது? இளஞ்செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை உணரும். இவற்றுள் ஏறத்தாழ 150-க்குக் கீழ்ப்பட்டவற்றை அடியொலி எனலாம். காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்வதாகக் கொண்டால், 3,000 அதிர்வுடைய அலையின் நீளம் சுமார் 11 செண்டிமீட்டர். 40 அதிர்வுடையதன் நீளமோ ஏறத்தாழ 8.6 மீட்டர். அதிர்வெண் பாதியாகுந்தோறும், அதே அழுத்தத்தைப் பெறுவதற்குக் கூம்பு தள்ளவேண்டிய காற்று நான்கு மடங்காகின்றது. 160 அதிர்வுகளில் ஒரு மில்லிமீட்டர் அசைந்து ஒலிதரும் கூம்பு, 80-இல் 4 மில்லிமீட்டரும் 40-இல் 16 மில்லிமீட்டரும் அசைதல் வேண்டும். கைப்பிடியளவான கூம்பு இதற்கு இடங்கொடாது. போதாக்குறைக்கு, நம் செவியும் தாழ்ந்த அதிர்வுகளை உணர்வதில் மந்தமானது. ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இலேயே இதனை அளந்து காட்டினர். 1974-இல் வெளிவந்த 'எர்த்குவேக்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காகச் சில திரையரங்குகளில் மிகப் பெரிய அடியொலிப் பெட்டிகளைத் தனியே கொண்டுவந்து வைத்தமையும் இக்காரணம் பற்றியே. அன்று திரையரங்குக்கு உரியதாயிருந்த பொருள் இன்று வீட்டுக் கூடத்தின் மூலையில் அமர்ந்திருக்கின்றது.

பெட்டியைப் பற்றி இடையில் ஒரு சொல். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய கைத்திறம் வாய்ந்த சீமையில் கனத்த பலகையாற் காற்றுப்புகாப் பெட்டி செய்தல் அரிதன்று. ஆயினும் கூம்பின் இயல்புக்கேற்பப் பெட்டியின் கொள்ளளவு அமையவேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்டு ஸ்மால் 1970-களிலும் வகுத்த கணக்குகள் இதற்கு உதவும். கண்ணளவாற் செய்த பெட்டி பார்வைக்கு அழகாயிருந்து 'கும்கும்' என்று ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருப்பதை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம்.

இனி இணைப்புக்கு வருவோம். மாணவர் முதலில் அறியவேண்டுவது, ஒலியமைப்பில் ஓடும் மின்குறி இருவகைப்படும் என்பது. கைப்பேசியிலிருந்தோ வட்டுக் கருவியிலிருந்தோ ஆம்ப்ளிஃபயருக்குள் வருவது மெலிந்தது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்குக் கீழும், மிகுந்தால் இரண்டு வோல்ட் அளவிலும் நிற்கும். இதனை லைன் மட்டம் என்பர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பாசிவ் பெட்டிக்குச் செல்வது வலிந்தது. 8 ஓம் பெட்டிக்கு 50 வாட் செலுத்துங்கால் 20 வோல்ட் ஆகும். இதனை ஸ்பீக்கர் மட்டம் என்பர். கோமுகி அணையின் மதகுநீரைச் சமையலறைக் குழாயில் திருப்பினால் என்னாகுமோ, அதுவே ஸ்பீக்கர் மட்டத்தை லைன் மட்டத் துளையிற் செருகினாலும் ஆகும். மேலே நாம் குறித்த அன்பர்க்கு நேர்ந்ததும் இதுவே. பவர்டு சப்வூஃபர் தன்னுள்ளேயே ஆம்ப்ளிஃபயரை உடையது. அதற்கு வேண்டுவது குறிமாத்திரமேயன்றி வலிமையன்று. வலிமையை அது சுவரிலுள்ள மின்செருகியிலிருந்து தானே பெற்றுக்கொள்ளும்.

ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பாருங்கள். 'சப் அவுட்' என்றோ 'ப்ரீ அவுட்' என்றோ எழுதிய துளை இருக்குமாயின் வேலை எளிது. இரு கருவிகளின் மின்செருகியையும் பிடுங்கிவிட்டு, அத்துளையிலிருந்து சப்வூஃபரின் லைன் துளைக்கு ஆர்.சி.ஏ. வயர் ஒன்றைச் செருகினால் முடிந்தது. பாசிவ் பெட்டிகளின் வயர்கள் முன்போலவே ஆம்ப்ளிஃபயரில் இருக்கும். ஹோம் தியேட்டர் வகை ஆம்ப்ளிஃபயராயின் அதன் பட்டியலில் முன்பெட்டிகளைச் 'சிறியவை' என்று குறித்து, பிரிவெல்லையை 80-இல் வைத்தல் நன்று. அப்போது சிறு பெட்டிகள் தம்மால் ஆகாத பாரத்தைச் சுமவாமல், இருக்கும் ஒலியையும் தெளிவாகத் தரும்.

அத்துளை இல்லாத ஆம்ப்ளிஃபயர்களே நம் ஊர்ப்பக்கம் மிகுதி. அவ்விடத்துச் சப்வூஃபரின் பின்புறம் 'ஹை லெவல்' அல்லது 'ஸ்பீக்கர் இன்' என்று எழுதிய முனைகள் உள்ளனவா என்று நோக்கவேண்டும். இருப்பின், ஆம்ப்ளிஃபயரின் பெட்டி முனைகளிலிருந்து இன்னொரு சோடி வயரை எடுத்து, சிவப்புக்குச் சிவப்பும் கறுப்புக்குக் கறுப்புமாக அங்கே இணைக்கலாம். இடம் வலம் இரண்டினின்றும் எடுத்தல் வேண்டும். 'ஏற்கெனவே 8 ஓம் பெட்டி இருக்க, மேலும் ஒன்றைச் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயருக்குப் பாரம் கூடாதா?' என்று கூரிய மாணவர் வினவுவர். நல்ல வினா. இன்னொரு 8 ஓம் பாசிவ் பெட்டியை ஒருபோக்காக இணைத்தால் மொத்தம் 4 ஓம் ஆகிப் பாரம் இருமடங்காகும் என்பது மெய்யே. ஆயின் சப்வூஃபரின் இம்முனைகள் பல்லாயிரம் ஓம் தடையுடையவை. 10,000 ஓம் என்று கொண்டு கணக்கிட்டால், 8 ஓம் என்பது 7.99 ஓம் ஆகும், அவ்வளவே. ஆம்ப்ளிஃபயர் அதனை உணரவே உணராது.

இவ்வழியில் இரண்டு அபாயங்கள் உள. அவற்றைச் சற்று விரித்தே கூறுவோம்.

முன்னது, இக்காலத்துச் சிறிய 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபயர்கள் பற்றியது. பழைய வகைகளிற் கறுப்பு முனை கருவியின் பொதுத்தரையோடு சேர்ந்திருக்கும். புதியவற்றுட் பலவற்றில் கறுப்பு, சிவப்பு ஆகிய இரு முனைகளிலும் மின்குறி ஓடும், எதுவும் தரையன்று. அதனோடு, கறுப்பு முனையைத் தரையாகக் கொண்ட சப்வூஃபரை இணைத்தால் ஆம்ப்ளிஃபயரின் ஒரு பாதி தரையோடு நேரே முட்டிக் கருகும். மின்செருகியைப் பிடுங்கி, எல்லா வயர்களையும் கழற்றிய பின், மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கறுப்பு முனையிலும் மற்றதை ஆர்.சி.ஏ. துளையின் வெளிவளையத்திலும் வைத்துப் பார்த்தால், தடை சூனியத்தை அடுத்து நின்றாற் பழைய வகை, இல்லையேல் ஐயத்துக்குரியது. ஐயமுற்றவிடத்துக் கருவி செய்தோரின் கையேட்டைப் பாராமல் வயரைத் தொடவேண்டா.

பின்னது, பள்ளிகளிலும் கோயில்களிலும் காணப்படும் பொதுக்கூட்ட ஆம்ப்ளிஃபயர்கள் பற்றியது. அவற்றின் பின்புறம் 4, 8, 16 ஓம் என்ற முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்ற முனைகளும் வரிசையாக நிற்கும். தூரத்துக் குழாய் ஒலிபெருக்கிகளுக்கு மின்மாற்றி வழியே செல்வதற்கு அமைந்தவை அவை. சப்வூஃபரின் எந்த முனையையும் அவற்றோடு சேர்த்தலாகாது. இத்தகைய கருவியில் 'லைன் அவுட்' துளை இருந்தால் அதனையே கொள்க.

சப்வூஃபரில் ஸ்பீக்கர் முனையும் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் லைன் துளையும் இல்லையென்றால், ஸ்பீக்கர் மட்டத்தை லைன் மட்டமாகக் குறைக்கும் சிறு மாற்றுக்கருவியை இடையில் வைக்கலாம். கார்களுக்கு ஒலியமைப்பவர் கடைகளில் அது கிடைக்கும். கைப்பேசியிலிருந்து வரும் குறியையே கவைவயரால் இரண்டாகப் பிரிப்பாரும் உளர். அதிற் சங்கடம் என்னவெனின், ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பினாற் பெட்டிகளின் ஒலி கூடும், சப்வூஃபர் கூடாது. கைப்பேசியிலேயே கூட்டிக் குறைக்கும் பழக்கமுடையார்க்கு மட்டும் அது ஒத்துவரும்.

இணைத்தபின் செவ்வைசெய்தல். பிரிவெல்லைக் குமிழை 80-இல் வைத்துத் தொடங்குக. 80-க்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையினின்று வருகிறதென்று செவியால் அறிதல் அரிது; ஒரு சப்வூஃபரே போதுமாவது அதனாலேதான். குமிழை 150-க்கு ஏற்றினால் ஆடவர் குரலின் ஒரு பகுதி அதன் வழியே வெளிப்பட்டு, பாடுபவர் அறைமூலையில் ஒளிந்துகொண்டு பாடுவது போலிருக்கும். அடுத்து, '0 – 180' என்றுள்ள கட்ட விசையை இருபுறமும் மாற்றிக் கேட்டு, கேட்போர் இருக்கையில் எந்நிலையில் அடியொலி மிகுகின்றதோ அதிலே நிறுத்துக. ஒலியளவைச் சூனியத்திலிருந்து மெல்ல ஏற்றிச் சப்வூஃபர் தனியே புலப்படத் தொடங்கியதும் சிறிது இறக்கிவிடுக. இளைஞர் இவ்விடத்தில் நம் சொல்லைக் கேட்பதில்லை.

எங்கே வைப்பது என்பது வயரைக் காட்டிலும் முக்கியம். 4.3 மீட்டர் அகலமுள்ள அறையில், 40 அதிர்வுடைய ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலையலையாக நின்று, சுவரருகே மிகுந்தும் நடுவிடத்தே நலிந்தும் தோன்றும். பணம் கொடுத்து வாங்கியவர் நடு நாற்காலியில் அமர்ந்து, 'அடியொலியே இல்லை' என்று வருந்துவார்; சுவரில் சாய்ந்திருக்கும் சிறுவன் அதனை இலவசமாக அனுபவிப்பான். இதற்கு எளிய வழியொன்றுண்டு. சப்வூஃபரை அந்நாற்காலியின் இடத்தில் வைத்து ஒலிக்கவிட்டு, நாம் அறையோரமாகத் தவழ்ந்து செல்லவேண்டும். எவ்விடத்தில் ஒலி நிரம்பியும் சீராகவும் கேட்கின்றதோ, அவ்விடமே சப்வூஃபருக்குரிய இடம். பேராசிரியர் தவழ்வதைக் கண்டு மாணவர் நகைப்பர், நகைக்கட்டும்.

'ஊ' என்று இடைவிடாத இரைச்சல் கேட்டால், இரு கருவிகளும் இருவேறு இடங்களில் மின்தரை பெற்று, இடையே 50 அதிர்வுடைய மின்னோட்டம் சுழல்கின்றது என்று கொள்க. இரண்டையும் ஒரே மின்பலகையிற் செருகினாற் பெரும்பாலும் தீரும். தீராவிடின் லைன் வயரின் இடையே தனிப்படுத்தும் மின்மாற்றி வைக்கலாம். மூன்றாம் முள்ளாகிய தரைமுள்ளை ஒடித்துவிட்டு இரைச்சலைப் போக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை வன்மையாகக் கண்டிக்கின்றோம். மழைக்காலத்தில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் அக்கருவியின் உலோகப் பலகையைத் தொட நேர்ந்தால், உயிர் பிழைப்பது அந்த முள்ளைப் பொறுத்தது.

திறந்த வெளியில் இவையெல்லாம் வேறாகும். சுவர் தரும் துணை அங்கே இல்லையாதலின், அறையை அதிரவைத்த சப்வூஃபர் மலையூர்க் களத்தில் ஊமையாய்ப் போகும். ஒலியை 3 டெசிபெல் உயர்த்த இருமடங்கு வாட் வேண்டும். 10 டெசிபெல் உயர்த்தப் பத்து மடங்கு வேண்டும். ஆகவே வீட்டுச் சப்வூஃபரைக் களத்திற் கொண்டுவந்து குமிழை முறுக்குவது கூம்பைக் கிழிக்கும் வழி. அதனைத் தரையிலே, சுவரொன்றை ஒட்டி வைத்து, கேட்போரை அருகே அழைத்துக்கொள்ளுதலே தக்கது.

2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இவ்வளவை 'ஏ' என்னும் நிறையோடு எடுப்பர். அந்நிறை 63 அதிர்வுள்ள ஒலியை 26 டெசிபெல் குறைத்தே மானியிற் காட்டும். மானி சாதுவாய் நிற்கையிலேயே அடுத்த வீட்டுத் தொட்டிற் குழந்தை விழித்தெழும். அடியொலி சுவரையும் எளிதிற் கடக்குமன்றோ? எனவே மலையூர்களிற் பதிவைப் போட்டுக் காட்ட விரும்பும் மாணவர், மானியைக் கையிலெடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒருமுறை அமர்ந்து கேட்டுவிட்டு வருக.