ஏழு வாக்குகள் தரும் பாடம்

உள்ளாட்சித் தேர்தல்தானே என்று நம்மில் பலர் எளிதாக எண்ணிவிடுகிறோம். கிழக்கு இலண்டனில், தேம்ஸ் நதிக்கரையில் இருந்த மில்வால் வட்டத்தின் வரலாறு நமக்கு வேறு பாடம் புகட்டுகிறது.

1980-இல் கப்பல் துறைகள் மூடப்பட்டன. வேலையின்மை பெருகியது, குடியிருக்க வீடு கிடைப்பதும் அரிதாயிற்று. இக்குறைகளுக்கெல்லாம் வங்காளதேசத்திலிருந்து வந்து குடியேறிய ஏழை மக்களே காரணம் என்று இனவெறியர் பழி சுமத்தினர்.

1993 செப்டம்பர் 16 அன்று அங்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. இனவெறியைப் பரப்பிய பிரித்தானிய தேசியக் கட்சி 1,480 வாக்குகளும், தொழிற்கட்சி 1,473 வாக்குகளும் பெற்றன. வேறுபாடு ஏழே வாக்குகள்! வாக்குச்சாவடிக்குச் செல்லாது வீட்டில் இருந்தோர் பல்லாயிரவர். அவர்களுள் எட்டுப் பேர் சென்று தொழிற்கட்சிக்கு வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும் அன்றோ?

அவ்வட்டத்து மக்கள் விழித்துக்கொண்டனர். 1994 மே மாதத் தேர்தலில் திரளாகச் சென்று வாக்களித்தனர். அக்கட்சிக்கு முன்னிலும் மிகுதியான வாக்குகள் கிடைத்தும், அது தோல்வியுற்றது.

2014-இல் எல்லைகள் மாற்றப்பட்டபோது மில்வால் வட்டம் மறைந்தது. அது தந்த பாடம் மறையவில்லை. மாணவியராகிய நாம் பதினெட்டு வயது நிரம்பியதும் நம் வாக்குரிமையைத் தவறாது பயன்படுத்துவோம். அதுவரை, பிறர்மீது பழி சுமத்தும் பேச்சைக் கேட்டால், "உண்மைதானா?" என்று ஆராயக் கற்றுக்கொள்வோம்.