பதின்வயதும் உதவும் குணமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பதின்வயது வந்ததும் பிள்ளைகளின் இரக்கம் வற்றிவிடுகிறது என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904-இல் வெளியிட்ட நூலில் இப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமாகச் சித்திரித்தார். அந்தச் சித்திரம் இன்னும் அழியவில்லை. நெதர்லாந்தில் ஒரே பிள்ளைகளை 13 வயதிலிருந்து 18 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வில் தெரியவந்தது வேறு. பெண்பிள்ளைகளின் உதவும் போக்கு 16 வயது வரை கூடியது. ஆண்பிள்ளைகளிடம் 14 வரை மாறாமலிருந்து, 17 வரை ஏறியது. இருசாராரிடமும் பின்னர் சற்றே இறங்கியது. அடுத்தவர் நிலையில் நின்று யோசிக்கும் திறன் முதிர்வதும் இந்த ஆண்டுகளில்தான்.

ஆண்பிள்ளைக்கு இரக்கம் குறைவு என்பார்கள். அதே நாட்டின் மற்றோர் ஆய்வில், பையன்களின் பரிவு பதின்பருவத்தின் நடுவில் தாழ்ந்து, பிறகு பழைய அளவுக்கே மீண்டது. பதினைந்து வயதுப் பையனைக் கல்நெஞ்சன் என்று முத்திரை குத்துவது அவசரத் தீர்ப்பு.

"வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போடமாட்டான், நண்பன் கூப்பிட்டால் ஓடுவான்" என்ற குறை பல வீடுகளில் கேட்பது. அதில் உண்மையும் உண்டு. குடும்பத்தாருக்குச் செய்யும் உதவியும் நண்பர்களுக்குச் செய்யும் உதவியும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இவ்வயதில் வளர்ச்சி தெளிவாகத் தெரிவது நண்பர்களிடம். தப்பு, அதைச் சுயநலம் என்று படிப்பதில்தான். குணம் குறையவில்லை, அது செல்லும் திசை விரிந்திருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் பார்க்கும் பெற்றோர் கண்ணில் அது படுவதில்லை.

சகவாசம் கெடுக்கும் என்பது பாதி உண்மை. 12 முதல் 16 வயதினருக்கு நாணயங்கள் கொடுத்து, குழுவுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று நெதர்லாந்தில் சோதித்தார்கள். கொடுத்ததைச் சக வயதினர் மெச்சியபோது கொடை கூடியது. கொடுக்காததை மெச்சியபோது குறைந்தது. கெடுக்கும் அதே செல்வாக்கு நல்லதற்கும் இழுக்கிறது.

கட்டாயப்படுத்தினால் பழக்கம் வந்துவிடும் என்ற எண்ணத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து 1992-இல் பள்ளி இறுதிக்கு 75 மணி நேரச் சேவையை விதித்தது. ஆனால் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தம்மை வற்புறுத்துவதாக உணர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சேவை செய்யும் நாட்டம் குறைந்திருந்தது. எந்த வேலை, யாருக்கு என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ள விடுவது மேல்.

உதவியின் பலன் பெறுபவருக்கு மட்டும் என்பதும் சரியல்ல. கனடாவின் வான்கூவரில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சுமார் இரண்டு மாதம், வாரந்தோறும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுடன் தொண்டு செய்தார்கள். 2013-இல் வெளியான முடிவுகளின்படி, தொண்டு செய்யாத மாணவர்களைவிட அவர்களின் கொலஸ்ட்ரால், உடல் அழற்சி அளவுகள் குறைவாக இருந்தன. பரிவு அதிகம் வளர்ந்தவர்களிடமே அந்தக் குறைவும் அதிகம்.