5 மைக்ரோஆம்பியர் போதும், போர்டு ஃபெயில்!

உங்க ப்ராஜெக்ட் போர்டு பெஞ்ச்ல அழகா வேலை செய்யுது. அதையே விற்கணும்னா ரேடியேட்டட் எமிஷன் டெஸ்ட்ல பாஸாகணும். அங்கே அடிக்கடி காலை வாருவது கேபிள்தான்.

ஒரு கணக்கு போடுவோம். அமெரிக்காவின் எஃப்.சி.சி. கிளாஸ் பி விதிப்படி, 50 மெகாஹெர்ட்ஸில் 3 மீட்டர் தூரத்தில் மின்புலம் மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. போர்டில் சிக்னல் போய்த் திரும்பும் லூப்பின் பரப்பு 10 சதுர செ.மீ. என்றால், இந்த எல்லையைத் தொட சுமார் 4.6 மில்லிஆம்பியர் வேண்டும். 1 மீட்டர் கேபிளில் காமன் மோட் மின்னோட்டம் என்றால்? சுமார் 5 மைக்ரோஆம்பியர் போதும்! கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

ஏன் இப்படி? லூப்பில் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் எதிரெதிர் திசை. அவற்றின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். காமன் மோடில் கேபிளின் எல்லாக் கம்பியிலும் ஒரே திசை. அழிக்க ஆளில்லை, கேபிளே ஆன்டெனா ஆகிடும்.

சரி, அந்த மின்னோட்டம் எங்கிருந்து வருது? வேகமான சிக்னலின் ரிட்டர்ன், கிரவுண்ட் ப்ளேனில் டிராக்குக்கு நேர் கீழே ஓடும். நடுவுல ப்ளேனை வெட்டினா, அது சுத்திப் போகணும். லூப் பெரிசாகும், கிரவுண்டிலேயே வோல்டேஜ் வித்தியாசம் உருவாகும். அதுதான் கேபிளில் மின்னோட்டத்தைத் தள்ளுது.

அதனால ப்ளேன் வெட்டுக்கு மேல வேகமான டிராக் வேண்டாம். டீகப்ளிங் கெப்பாசிட்டர் ஐ.சி. பின்னை ஒட்டியே இருக்கட்டும். முடிஞ்சவரை கனெக்டர்களை ஒரே பக்கம் வைங்க. சந்தேகமா? கேபிளில் ஃபெரைட் கிளாம்ப் மாட்டிப் பாருங்க. இரைச்சல் குறைஞ்சா, குற்றவாளி காமன் மோட்தான்.

ஃபேப்ரிகேஷனுக்கு அனுப்பறதுக்கு முந்தின நாள் ப்ளேனை ஒருமுறை பார்க்க அரை மணி நேரம்தான் ஆகும். டெஸ்ட்ல விழுந்த பிறகு? புது போர்டே போடணும்.