கிலோகிராமும் இறாத்தலும்

1970களில் இலங்கை மெட்ரிக் முறையைத் தழுவிற்று. இன்று நற்பிட்டிமுனைக் கடைகளிலும் தராசு காட்டுவது கிலோகிராமே. எனினும் 'ஓர் இறாத்தல் பாண்' என்னும் வழக்கு நம் நாவைவிட்டு அகலவில்லை. அப்பாணின் நியம நிறையோ 450 கிராம். வயலிலும் புசற் கணக்கு மறையவில்லை. ஆதலின் இவ்விரு அளவைகளின் தொடர்பை அறிந்திருத்தல் நன்று.

1959ஆம் ஆண்டில் ஆங்கிலம் வழங்கும் ஆறு நாடுகள் உடன்பட்டு, ஓர் இறாத்தல் 0.45359237 கிலோகிராம் என வரையறுத்தன. எனவே ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 2.2046 இறாத்தலாகும்.

மனக்கணக்கிற்கு எளிய வழி உண்டு. கிலோகிராமை இரட்டித்து, வந்த தொகையுடன் அதன் பத்திலொன்றைக் கூட்டுக. 50 கிலோகிராம் அரிசி மூடை 100 + 10 = 110 இறாத்தல். சரியான விடை 110.23, குறைவு சிறிதே.

இறாத்தலைக் கிலோகிராமாக்க, பாதியாக்கி அதிற் பத்திலொன்றைக் கழிப்பர். ஈண்டே விழிப்பு வேண்டும். ஒரு புசல் நெல் 46 இறாத்தல் எனக் கொள்வது வழக்கம். பாதி 23, பத்திலொன்றாகிய 2.3 நீங்க, எஞ்சுவது 20.7 கிலோகிராம். உண்மை நிறையோ 20.865. ஒரு புசலில் இவ்வேறுபாடு புலப்படாது. நூறு புசல் விற்கும் கமக்காரனோ இவ்வழியால் பதினாறரைக் கிலோகிராம் நெல்லின் விலையை இழப்பான்.

ஆகவே, வீட்டுத் தேவைக்கு மனக்கணக்குப் போதும்; நெல் விற்பனைக்கு இறாத்தலை 0.4536ஆற் பெருக்குக. மாணவர் இதனைப் பயின்று, தம் இல்லத்துக் கணக்கையும் ஒருமுறை சரிபார்ப்பாராக.