சோலாரில் பாட்டுப் பெட்டி

மின் இணைப்பு இல்லாத தோட்டத்து வீட்டிலும் நல்ல இசை கேட்கலாம். பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது விளம்பரக் கணக்கு. அறைக்குள் அளவாகக் கேட்டால் பெரும்பாலான செட்டுகள் 50 வாட்டைத் தாண்டாது.

12 வோல்ட், 100 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரியில் 1200 வாட்-மணி இருக்கும். அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். அந்தப் பாதியான 600 வாட்-மணியில் இன்வெர்ட்டர் தின்பது போக, 50 வாட் செட் சுமார் பத்து மணி நேரம் பாடும்.

இரைச்சல்தான் பெரிய தொல்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். ப்யூர் சைன் வேவ் மட்டும் வாங்குங்கள். காசு கூடினாலும் பரவாயில்லை. அதைவிடச் சிறந்தது இன்வெர்ட்டரே இல்லாமல், 12 வோல்ட்டில் ஓடும் 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபயரை பேட்டரியிலிருந்து நேராக இயக்குவது. பழைய ரக ஆம்ப்ளிஃபயர்கள் போல இது மின்சாரத்தை வெப்பமாக வீணாக்காது. என் ஓட்டு இதற்குத்தான்.

பகலில் மட்டும் கீச்சென்ற சத்தம் வந்தால் சோலார் பேனலிலிருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சார்ஜ் கன்ட்ரோலரைச் சந்தேகியுங்கள். ஆடியோ வயரை அதிலிருந்து தள்ளி இழுங்கள்.

பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். அது இல்லாமல் ஒருநாளும் இணைப்புக் கொடுக்காதீர்கள். ஷார்ட் ஆனால் வயர் தீப்பிடிக்கும்.