லித்தியம்-7 செய்த வேலை

மாணவர்களே, ஓர் அணுக்கரு வினையை எழுதிக்கொள்ளுங்கள். லித்தியம்-7 கருவை வேகமான நியூட்ரான் தாக்குகிறது. ஹீலியம்-4, டிரிட்டியம், மீண்டும் ஒரு நியூட்ரான் வெளிவருகின்றன. நிறை எண்களைக் கூட்டிப் பாருங்கள்: 7+1 = 4+3+1. சரியாக இருக்கிறதல்லவா? 1954இல் குண்டை வடிவமைத்தவர்கள் இவ்வினையைக் கணக்கில் கொள்ளவில்லை.

அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள், பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில், பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றைச் சோதித்தது. எரிபொருள் லித்தியம் டியூட்டரைடு. அந்த லித்தியத்தில் பெரும்பகுதியான லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள். அதுவோ டிரிட்டியத்தை உண்டாக்கிக் கொடுத்தது. சுமார் 6 மெகாடன் எதிர்பார்த்த இடத்தில் 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! ரோங்கெலாப் தீவில் வெண்சாம்பல் பொழிந்தது. கதிரியக்கம் ஏறிய பவளப்பாறைத் தூள் அது. சிறுவர்கள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்தே மக்களை வெளியேற்றினார்கள்.

லிகியெப் தீவிலிருந்து அந்த வெளிச்சத்தைக் கண்ட ஒன்பது வயதுச் சிறுவன் டோனி டிபிரம் பின்னாளில் வெளியுறவு அமைச்சரானார். 2014 ஏப்ரலில் இச்சிறு நாடு, அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள்மீது (இந்தியாவும் ஒன்று) சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கேட்டது இழப்பீடு அன்று. ஆயுத ஒழிப்புப் பேச்சை நடத்துங்கள் என்பதே. நீதிமன்ற அதிகாரத்தை முன்பே ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன்மீதான வழக்குகள் மட்டுமே நடந்தன. 2016 அக்டோபர் 5இல் மூன்றும் தள்ளுபடி. இருதரப்புக்கும் இடையே தகராறே இல்லை என்பது காரணம்! எனக்கு இது விந்தையாகவே படுகிறது. பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டு; தலைவரின் முடிவு வாக்கே தீர்மானித்தது. பேச்சு நடத்தும் கடமையை அந்நாடுகள் மீறினவா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவேயில்லை.