புகார் கொடுத்த பிறகு என்னை ஒதுக்குகிறார்கள்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மேலாளர் மீது இரண்டு மாதத்துக்கு முன் விசாகா கமிட்டியில் பாலியல் புகார் கொடுத்தேன். விசாரணை இன்னும் முடியவில்லை. அதற்குள் நான் பார்த்த வேலைகளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். மீட்டிங்குக்குக் கூப்பிடுவதில்லை. என் வருடாந்திர மதிப்பீட்டையும் அதே மேலாளர்தான் எழுதப்போகிறார். "பேசாம ரிசைன் பண்ணிடும்மா, உனக்கும் நிம்மதி" என்கிறார் ஹெச்.ஆர். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். விட்டுவிடட்டுமா மேடம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வழக்கறிஞர் பதில்: ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் சகோதரி. தானாக விலகினார் என்று கோப்பில் ஒரு தாள் ஏறிவிட்டால், விரட்டப்பட்டேன் என்று பிறகு நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

பழிவாங்கலுக்கென்று, பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. அது பெரிய குறை என்றே நினைக்கிறேன். ஆனால் 12-ஆவது பிரிவு இருக்கிறது. விசாரணை நடக்கும்போது நீங்கள் எழுதிக் கேட்டால், உங்களையோ மேலாளரையோ இடம் மாற்றவும், உங்களுக்கு 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு தரவும் கமிட்டி பரிந்துரைக்கலாம். உங்கள் மதிப்பீட்டை அவர் எழுதாமல் வேறு அதிகாரி எழுதும்படி சொல்லவும் விதிகளில் இடமுண்டு. பரிந்துரை வந்தால் நிர்வாகம் நிறைவேற்றியே ஆக வேண்டும். எழுதிக் கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்றே எழுதுங்கள். மாற்றுவதானால் அவரை மாற்றுங்கள் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் பாதுகாப்பு என்று சொல்லி உங்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்புவார்கள்.

அப்படி அனுப்பப்பட்ட ஒருவரின் வழக்கு 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பொதுத்துறை வங்கி ஒன்றின் இந்தூர் கிளை அதிகாரி அவர். கிளையில் நடந்த முறைகேடுகளை எழுதினார். மேலதிகாரி மீது பாலியல் புகாரும் சொன்னார். கீழ்நிலை அதிகாரி பார்க்க வேண்டிய ஒரு கிளைக்கு, ஜபல்பூர் மாவட்டத்துக்கு, அவரை மாற்றினார்கள். இது பழிவாங்கல்தான் என்ற நீதிமன்றம் அவரை இந்தூரிலேயே மறுபடி அமர்த்தச் சொன்னது. 50,000 ரூபாய் செலவுத்தொகையும் தரச் சொன்னது. அந்த வங்கியின் கமிட்டியில் இருந்த வெளி உறுப்பினர், வங்கிக்கே வழக்காடும் வழக்கறிஞர்! உங்கள் கமிட்டியில் வெளி உறுப்பினர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஹெச்.ஆர். வாயால் சொன்னதை எழுத்தில் கொண்டுவாருங்கள். "இன்று என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விருப்பமில்லை" என்று ஒரு மெயில் போதும். பறித்த வேலை, கூப்பிடாத மீட்டிங் எல்லாவற்றையும் தேதியோடு குறித்து, கமிட்டிக்கும் தெரிவியுங்கள். பழைய மதிப்பீடுகளின் நகலை எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் ரகசியக் கணக்குகளை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதையே உங்கள் மீது குற்றமாகத் திருப்புவார்கள்.

விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. முடிவு பாதகமாக வந்தாலும் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டாரின் பயம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அவர்களை உட்காரவைத்து இதை முதலில் சொல்லுங்கள்.